மூடி போடும் முன் ஒரு நிமிடம்

போன மாதம் திருவொற்றியூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கஜேந்திரன். நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது அவர் சூப்பர்வைசர். இலையில் வடை விழுந்ததும் ஆரம்பித்தார்.

"அண்ணே, உங்க வேலையே இப்ப கெடியாது, தெரிமா? எல்லாருக்கும் கய்த்துல அட்டை. டேங்குல எறங்குனா மெஷினு தானா எண்ணிக்குது, வெளிய வந்தா தானா கழிச்சிக்குது. ஒரு ஆளு கொறஞ்சா கீச்சுகீச்சுன்னு கத்துது."

"மூடி போடுறதுக்கு முன்னாடி யாராச்சும் காத வச்சிக் கேக்குறாங்களா?" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

அந்த "எதுக்கு"வுக்குப் பதில் சொல்லும் இடம் பந்தி இல்லை. பாயசம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்காமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

இருபத்தெட்டு வருஷம் நான் ஒரு துளையின் வாசலில் நின்றவன். கப்பலின் அடியில் கடல் தண்ணீர் நிரப்பும் தொட்டிகள் உண்டு. சரக்கு இல்லாத கப்பல் ஆட்டம் போடாமல் நிற்க அந்தத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை இறைத்துவிட்டு, உள்ளே துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவது எங்கள் கம்பெனியின் வேலை. சின்னக் கம்பெனி, பெயர் வேண்டாம். கப்பல் எங்கே நின்றதோ அங்கே போவோம்.

தொட்டிக்குள் இறங்க ஒரே வழி, தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரு ஆள் நுழையக்கூடிய முட்டை வடிவத் துளை. பக்கத்தில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளைப் பில்லையை ஆணியில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் தன் கையாலேயே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான், பலகை காலியென்றால் தொட்டியும் காலி. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் நான். காகிதத்தில் என் பதவிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. ஆட்கள் வாய்க்கு நான் வாட்ச்மேன்தான்.

பயிற்சி இரண்டே நாள். அதில் நினைவில் நிற்பது ஒரு பாடம். மூடிக் கிடந்த இரும்புத் தொட்டியில் துரு காற்றைத் தின்றுவிடும். மிச்சமிருக்கும் காற்றுக்கு வாசனை கிடையாது, இருமல் வராது, மூச்சுத் திணறுவதாகக்கூடத் தெரியாது. கால் மடங்கும், அவ்வளவுதான். விழுந்தவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவான், அவனும் விழுவான். அதனால் வேலை நடக்கும்போதெல்லாம் புளோயர் என்ற பெரிய விசிறி குழாய் வழியாக உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். வாசலில் நிற்பவன் என்ன ஆனாலும் உள்ளே இறங்கக் கூடாது. பெற்ற பிள்ளை உள்ளே கிடந்தாலும் கூடாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன்.

விதி இப்படியிருக்க, எங்கள் வழக்கம் வேறாக இருந்தது. டீ நேரம் வந்தால் முதலில் ஏறி வருகிறவன் தன் கூட்டாளிகளின் பில்லைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவான். எல்லாரும் ஒரே தெரு, ஒரே தட்டில் சாப்பிடும் தோஸ்துகள். பின்னால் வருகிறவன் அழுக்குக் கையோடு பலகையைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டாமே என்ற நல்லெண்ணம். நானும் விட்டுவிடுவேன், என்னைப் போன்ற எல்லா வாட்ச்மேனும் விட்டுவிடுவார்கள். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

தோன்றியது ஒரே ஒருவருக்குத்தான். டெக்லன் என்ற அயர்லாந்துக்காரர். கப்பல் முதலாளியின் ஆளாக வந்து எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கும் இன்ஜினியர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. ஆனால் கழுத்தைத் திருப்ப மாட்டார், உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். இடது காது நம் காது போல இருக்கும். வலது காது பிசைந்து ஒட்டிய மாவு. எங்கள் ஆட்கள் முதல் நாளே அவருக்குக் காது சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் கத்தி நான் கேட்டதில்லை. சீக்கிரம் என்ற சொல்லே அவர் வாயில் வராது. தமிழில் ஒன்றிலிருந்து பத்து வரை கற்றுக்கொண்டிருந்தார், கூடவே "நில்லு" என்று ஒரு சொல். வேலை முடிந்து ஆட்கள் ஏறி வரும்போது துளைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவன் தோளையும் தொட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவார். பலகை இருக்கும்போது தோள் எதற்கு என்று கேட்டேன். "பில்லை மூச்சு விடாது" என்றார்.

கடைசியாகத் துளைக்கு இரும்பு மூடி போடும் முன் இன்னொன்றும் செய்வார். முட்டி போட்டு, கையை இரும்பில் ஊன்றி, அந்த நசுங்கிய வலது காதைத் துளையின் விளிம்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சரியாக ஒரு நிமிடம்.

"இன்னா மாமு, கப்பலுக்கு ஜொரம் பாக்குறாரா?" என்பார்கள் ஆட்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒரு மழைநாள் மத்தியானம் வேலை நின்றுவிட்டது. சரக்குக் கொட்டகையில் நானும் அவரும் மட்டும். எனக்கு அரைகுறை ஆங்கிலம், அவருக்கு அவசரமில்லாத நாக்கு. அந்தக் காதைப் பற்றிக் கேட்டேவிட்டேன்.

ரக்பி என்றார். எனக்குப் புரியவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றில் வரைந்து காட்டினார். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர். தோளைத் தோளோடு கோத்துக் குனிந்து, தலைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் கிடக்கும் பந்துக்காகத் தள்ள வேண்டும். இவர் முன்வரிசையில் இடது ஓரம். வலது காது எதிராளியின் காதோடு உரசிக்கொண்டே இருக்கும், பத்து வருஷம் உரசினால் காது இப்படி ஆகிவிடும்.

அப்பா பால் லாரி ஓட்டினவர். ஊர், மேற்குக் கடலோரத்தில் ஓயாமல் மழை பெய்யும் சின்ன ஊர். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் ஆட ஆரம்பித்திருக்கிறார். இருபத்தொன்றில் நாட்டுக்காக ஆடக் கூப்பிட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு அப்பா பால் லாரியிலேயே ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தாராம். நாட்டுக்காக ஆடியது மொத்தம் நாலு ஆட்டம்.

"அப்புறம்?"

"ஊர் மன்றத்துக்காக ஒரு சின்ன ஆட்டம். எதிரே புதுப் பையன், பத்தொன்பது வயது. ஆட்டம் முழுக்க அவன் காது என் காதில். அவன் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லாரும் குவியலாகச் சரிந்தோம். அவன் கழுத்து அடியில் மாட்டிக்கொண்டது. மூச்சு மூன்று தடவை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை."

பையன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். இவர் கழுத்திலும் எலும்பு நகர்ந்திருந்தது. ஆடலாம் என்றுதான் டாக்டர் சொன்னாராம். இவர் ஆடவில்லை. இருபத்துமூன்று வயதில் எல்லாம் முடிந்து, இன்ஜின் படித்துக் கப்பலேறிவிட்டார். சொல்லி முடித்து அட்டைப்பெட்டியை மடித்து ஓரமாக வைத்தார். அவருடைய நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதையாக இருக்கலாம், எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. விளையாட்டுச் சங்கதி, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஏழுமலை எங்கள் கம்பெனியில் சேர்ந்தது அதற்கும் ஒரு வருஷம் கழித்து. என் மனைவியின் தம்பி, கத்திவாக்கத்துக்காரன். முகத்துவாரத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவன். தண்ணீர் கெட்டு இறால் குறைந்ததும் நான்தான் கூட்டி வந்து சேர்த்துவிட்டேன். நல்ல உழைப்பாளி, சொன்ன நேரத்துக்கு மட்டும் வர மாட்டான். என் சின்ன மகளுக்குக் காது குத்தினபோது மடியில் உட்காரவைக்க வேண்டிய தாய்மாமன் அவன். நல்ல நேரம் தாண்டியும் ஆள் வரவில்லை. வேறொருவர் மடியில் வைத்துக் குத்தினோம். அவன் வந்தபோது பந்தியே எடுத்தாகிவிட்டது. அன்றைக்கு நிறுத்தின பேச்சு, இரண்டு மாதம் பேசவில்லை. வேலையிடத்தில் அவன் இறங்கினாலும் ஏறினாலும் நான் பலகையைப் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். அந்தப் பாழாய்ப்போன ரோஷத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அன்றைக்குக் கப்பலின் ஆக அடித்தொட்டி. நாலு பேர் இறங்கினார்கள், நாலு பில்லை தொங்கியது. சாயங்கால டீக்குச் சற்று முன் வேலை முடிந்தது என்று கீழிருந்து குரல் வந்தது. முதலில் ஏறி வந்த மதி நாலு பில்லையையும் வழக்கம்போல அள்ளிக்கொண்டான். நான் தாளில் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆட்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். காது சார் அப்போது மேலே கேப்டனோடு பேசிக்கொண்டிருந்ததால் தோளைத் தொட ஆளில்லை. பலகை காலி. புளோயரை நிறுத்தச் சொன்னேன். காற்றுக்குழாயை உருவினார்கள், மூடியைத் தூக்கி வந்தார்கள்.

அப்போதுதான் காது சார் வந்தார். முட்டி போட்டார், காதை வைத்தார்.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாயிற்று. மூடியைப் பிடித்திருந்த இருவரும் என்னைப் பார்த்தார்கள். கரையில் கிரேன் இரைந்துகொண்டிருந்தது, பக்கத்துக் கப்பலில் நிலக்கரி கொட்டிக்கொண்டிருந்தது. காதோரம் கத்தினாலே கேட்காத இடம் அது.

"உள்ளே யார்?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

பலகையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. "மூச்சு கேட்கிறது. ஆட்களைக் கூப்பிடு. தலையை எண்ணு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டேன். கையில் கிளாஸோடு வந்தார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

"ஏழுமலை எங்கடா?"

மதி கிளாஸைக் கீழே வைத்தான். "இன்னும் ரெண்டு முழம் கீது, சொரண்டிட்டுப் பின்னாடியே வரேன்னான் நைனா. அவனுதையும் சேத்து நான் எட்துகினேன். வந்துட்டான்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

புளோயர் நின்று பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நிறுத்தச் சொன்னவன் நான். நான் எதையும் யோசிக்கவில்லை, துளைக்குள் காலை விட்டுவிட்டேன். இடுப்புவரை இறங்கியிருப்பேன், இரண்டு கைகள் அக்குளில் நுழைந்து என்னைப் பிடுங்கி வெளியே போட்டன.

"நில்லு" என்றார் காது சார்.

புளோயரைப் போடச் சொன்னார், கப்பலின் மாலுமிகளை முதுகில் கட்டும் காற்று சிலிண்டரோடு வரச் சொன்னார். சொல்லிக்கொண்டே துளைக்கும் எனக்கும் நடுவில் வந்து குனிந்து, தோளை என் தோளில் முட்டுக்கொடுத்து நின்றார். நான் தள்ளினேன். அவர் வலது காது என் வலது காதில் அழுந்தியது. குத்தினேன், கடித்தேன், அவர் அம்மாவை இழுத்துத் திட்டினேன். "வுடுடா, என் மச்சான்டா" என்று அலறியது எனக்கே கேட்டது. சுவரைத் தள்ளினாலாவது காரை உதிர்ந்திருக்கும். ரக்பி என்றால் என்னவென்று அந்த எட்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டேன்.

இப்போது எழுதப்போவதை என் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். காதும் காதும் ஒட்டி நின்றபோது என் மூச்சு கேட்டது, நாய் மூச்சு போல. அவர் மூச்சு கேட்டது, நிதானமாக. அவை இரண்டுக்கும் இடையில் இன்னொன்று கேட்டது. சின்னதாக, ஈரமாக, வாயில் எதையோ கடித்துக்கொண்டு விடும் மூச்சு. நான் தள்ளுவதை நிறுத்திவிட்டேன். காது சார் மெதுவாக, "உனக்கும் கேட்கிறதா?" என்றார்.

மாலுமிகள் இருவர் இறங்கி, தொட்டியின் கடைக்கோடித் தடுப்பில் கிடந்தவனைக் கயிற்றில் கட்டித் தூக்கினார்கள். உதடு நீலம். வெளியே வந்ததும் காது சார் அவன் நெஞ்சில் கையை வைத்தார். உயிர் இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மூன்றாம் நாள் ஏழுமலை தெளிவாகப் பேசினான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காது சார் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார், ஒருவருக்கு ஒருவர் பாஷை தெரியாமல். நான் கடித்த இடத்தில் அவர் தோளில் பிளாஸ்திரி. ஏழுமலை என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான்.

"மாமா, அந்தப் பையன் இன்னா ஆனான்?"

"எந்தப் பையன்?"

"என்கூட உள்ள இருந்தானே, வெள்ளக்காரப் பையன். கால் மட்ங்கி நான் வியுந்தேனா, கண்ணு தொறந்து பாத்தா பக்கத்துல பட்த்துகினு கீறான். அவன் காது என் காதுல இட்ச்சிகினு கீது. தலையச் சுத்திக் காத மறச்சி வெள்ள டேப்பு. வாயில ரப்பரு மாரி இன்னாமோ கட்ச்சிகினு மூச்சு வுட்றான். டேங்கு முச்சூடும் நனஞ்ச புல்லு வாசன மாமா. அவனையும் தூக்குனாங்களா?"

டாக்டர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார், பிராணவாயு குறைந்தால் மூளை எதை எதையோ காட்டும் என்று. நானும் அப்படியே நம்ப முயன்றேன். ஆனால் ரக்பி ஆடுகிறவர்கள் காதுக்கு டேப் சுற்றி, பல்லுக்கு ரப்பர் கடித்துக்கொள்வார்கள் என்பது அப்போது எனக்கே தெரியாது. காது சாருக்குச் சொல்லலாமா, வேண்டாமா என்று நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார், சொல் என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அவன் கை?" என்றார். "கை எப்படி இருந்தது என்று கேள்."

கேட்டேன்.

"கை தொவண்டு கெட்ந்துச்சி மாமா. உசுரே இல்லாத மாரி."

காது சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்துவிட்டுச் சொன்னார். "அவன் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. மூச்சு நிற்பதற்கு முன்பே கை விட்டுப்போனது. எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் இன்னும் ஒரு தடவை தள்ளினேன். நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை."

அப்புறம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏழுமலையைப் பார்த்தபடியே என்னைக் கேட்கச் சொன்னார். "அவன் கோபமாக இருந்தானா?"

தமிழில் கேட்டேன். ஏழுமலைக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் பட்டது போல.

"கோவமா? இன்னா மாமா நீ. சின்னப் பையன், பயந்துபூட்டான். நான்தான் அவன் கைய புட்ச்சிகினேன். 'தோ வந்துருவாங்க, தோ வந்துருவாங்க'ன்னு சொல்லிகினே இருந்தேன். அவனுக்குச் சொல்லிகினு இருந்ததாலதான் நானும் தூங்காம இருந்தேன்."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. காது சார் தமிழிலேயே சொல்லச் சொன்னார். தோ வந்துருவாங்க. அவர் அதை இரண்டு மூன்று தடவை தன் நாக்கில் போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, ஏழுமலையின் தோளைத் தொட்டு, "நாலு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அவர் இன்னும் இரண்டு தடவை கப்பலோடு வந்தார். தோளைத் தொட்டு எண்ணினார், மூடி போடும் முன் முட்டி போடவில்லை. வேலையை முடித்து நன்றாகத் தூங்குகிற மனுஷன் போல இருந்தார். அப்புறம் வேறு யாரோ வர ஆரம்பித்தார்கள். அவர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று தெரியாது.

நான் யாரையும் இன்னொருவன் பில்லையைத் தொட விட்டதில்லை. ஏழுமலை என் சின்ன மகளின் மஞ்சள் நீராட்டுக்கு முதல் நாள் ராத்திரியே வந்து படுத்துக்கொண்டான்.

அவர் விட்டதை நான் பிடித்துக்கொண்டேன். ஓய்வு பெறும் நாள்வரை ஒவ்வொரு தொட்டியிலும், எல்லாத் தலையையும் எண்ணி முடித்தபிறகு, முட்டி போட்டு வலது காதை வைப்பேன். எதுவும் கேட்டதில்லை. ஒரு நிமிடம் ஆனதும் உள்ளே பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "தோ வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைப் போடச் சொல்வேன்.